கிராதிக்கு இந்தப் பக்கம்

ஆறுதல்புரம் சபைக்கு இரண்டு பிரசங்கிமார். ஒருவர் பேசினால் சபை விசிறியை ஆட்டவும் மறந்துவிடும். மற்றவர் பேசினால், விசிறியைக் கையில் எடுப்பதற்குள் ஆமென் வந்துவிடும்.

முதலாமவர் வேதசிகாமணி உபதேசியார். இரண்டாமவர் சற்குணதாஸ் ஐயர்.

ஐயர் குருப்பட்டம் பெற்றவர். உபதேசியார் அவருக்குக் கீழே ஊழியம் செய்கிறவர். வயதில் ஐயர்தான் இளையவர். ஆனாலும் மனதில் ஒன்று இடறினால் உபதேசியார் போய் நிற்பது அவரிடம்தான். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எந்தக் கேள்விக்கும் ஐயர் உடனே பதில் சொல்வதில்லை. அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று மத்தியானம் உபதேசியார் போனபோது, ஐயர் பங்களாவின் பின்கட்டில் கோழிக்கூட்டுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தார். பெயர்தான் பங்களா. மழைக்கு ஐந்தாறு இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும்.

"ஐயா, என்னை வேலையிலிருந்து விடுவிச்சிருங்க."

ஐயர் வாயிலிருந்த ஆணியை எடுத்தார்.

"இல்லைன்னா, என் சம்சாரத்தைக் கொஞ்ச நாள் அவ அண்ணன் வீட்டுக்கு அனுப்ப உத்தரவு கொடுங்க. ரெண்டுல ஒண்ணு."

காரியம் ஐயருக்குத் தெரியாததல்ல. ஊருக்கே தெரியும். உபதேசியாரின் மனைவி அன்னரத்தினம் திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. சபையார் வரிசையாகப் போய், பீடத்துக்கு முன்னால் உள்ள மரக் கிராதியில் முழங்காலிட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். அன்னரத்தினம் பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயில் இருந்தபடியே இருப்பாள். கோயிலுக்கு வராமல் இல்லை. பாட்டுக்கு எழுந்து நிற்பாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாள். கிராதிக்கு மட்டும் வருவதில்லை. இப்படியே சில மாதங்கள் போய்விட்டன.

"நேத்து பாக்கியமுத்து கடைக்கு முன்னால என்னை நிறுத்தினார்" என்றார் உபதேசியார்.

பாக்கியமுத்து கருப்பட்டி வியாபாரி, சபைக் கமிட்டியில் பெரிய கை.

"என்ன சொன்னார்?"

"'ஊருக்கு உபதேசம் சரிதான் வே, வீட்டுக்கு யாரை வைக்கலாம்?' அப்படின்னு நாலு பேர் முன்னால கேட்டார். வர்ற திருவிருந்துக்கு அவ முழங்கால் போடலைன்னா வேற உபதேசியாரைப் பாத்துக்கிடுவாங்களாம். அவர் சொல்லுறதுலயும் தப்பில்லையே ஐயா. தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான்?"

"அம்மா ஏன் வரலை?"

"வீம்பு."

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? ஆயத்த ஆராதனையில ஒரு நாள் வீட்டைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்குத்தான்."

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நடப்பது ஆயத்த ஆராதனை. ஒவ்வொருவரும் தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொள்வதற்காக. அன்றைக்குப் பிரசங்கம் எப்போதும் உபதேசியாருடையது.

"என்ன பிரசங்கம் பண்ணினீங்க?"

உபதேசியார் நிமிர்ந்து நின்றார். "மூணு தலைப்பு. முதலாவது, தன்னைச் சோதித்தறிதல். இரண்டாவது, முறுமுறுப்பை விட்டுவிடுதல். மூன்றாவது, ஸ்தோத்திரத்தோடே சேருதல்."

"அம்மாவைப் பத்திச் சொன்னது?"

"அது இரண்டாம் தலைப்புல ஒரு உதாரணம்."

"என்ன வார்த்தை?"

உபதேசியார் யோசித்தார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. "அது பேச்சோட பேச்சா வந்தது ஐயா. வார்த்தை ஞாபகம் இல்லை."

ஐயர் ஆணியை மறுபடியும் எடுத்து, கதவில் வைத்து, அடித்தார்.

"அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

"என் கேள்வி, ஐயா?"

"அந்தக் கதவைக் கொஞ்சம் பிடிங்க. ஆடுது."

உபதேசியார் கதவைப் பிடித்தார். ஐயர் அடுத்த ஆணியை அடித்தார்.

*

வழியெல்லாம் உபதேசியாருக்கு எரிச்சல். உயிர் போகிற காரியத்தைக் கொண்டுபோனால், கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்பது போல அனுப்பிவிட்டாரே என்று.

அன்னரத்தினம் அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருவது வழக்கமில்லை. அவள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கீரையை உருவினாள்.

"அன்னம், அன்னைக்கு ஆயத்த ஆராதனையில நான் உன்னைப் பத்தி என்ன சொன்னேன்?"

"ஏன், மறந்துட்டிய?"

"ஐயர் கேட்டார்."

அவள் கையிலிருந்த கீரையை முறத்தில் வைத்தாள். பிறகு சொன்னாள். குரலில் கேலி இல்லை, சூடு இல்லை. வேதபாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

"'என் வீட்டு அடுப்படியிலே ஒரு இஸ்ரவேல் இருக்கிறது. வனாந்தரத்து இஸ்ரவேல் ஜனமாவது தண்ணீருக்கு முறுமுறுத்தது. இந்த இஸ்ரவேல் காபி போடும்போதே முறுமுறுக்கிறது.' இப்படி ஆரம்பிச்சிய. எல்லாரும் சிரிச்சாங்க."

உபதேசியாருக்கு அந்தச் சிரிப்பு மட்டும் ஞாபகம் வந்தது. நல்ல சிரிப்பு. ஆண்கள் பக்கத்திலிருந்து பெண்கள் பக்கம் வரை போன சிரிப்பு.

"அப்புறம், 'ஆண்டவர் எடுத்துக்கொண்ட பிள்ளையை, திருப்பித் தாரும் திருப்பித் தாரும் என்று தினமும் கேட்கிற வாய், அதே ஆண்டவருடைய அப்பத்துக்கு எப்படித் திறக்கும்?'னு கேட்டிய. கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்னிய."

உபதேசியார் தரையைப் பார்த்தார்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. எப்சிபா. பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலோடு வந்து படுத்தவள், எழுந்திருக்கவில்லை. அடக்க ஆராதனையில் உபதேசியாரே பேசினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் பேசினார். அதைக் கேட்டவர்கள் அசலூரிலும் போய்ச் சொன்னார்கள்.

"நீ என் மேல கோபமா இருக்கேன்னு நெனைச்சேன்."

"சிரிச்சாங்கல்ல, அதுக்கு அன்னைக்குக் கோபந்தான். மறுநாள் இல்லை."

"பின்னே ஏன் கிராதிக்கு வரலை?"

அன்னரத்தினம் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதான? நான் யோசிச்சுப் பாத்தேன். அந்த வாய் எப்படித் திறக்கும்? நிறுத்திப் பாக்கேன். முடியல. காலையில அடுப்பு பத்தவைக்கும்போது அதுவா வந்துருது. 'எம்புள்ளையைத் தாரும்'னு கேட்டுட்டு, அந்த வாயோட எப்படி அங்க வந்து முழங்கால் போடுறது? கேக்கிறது நின்னதும் வாறேன்."

"இதை எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பிரசங்கம் பண்ணினவருக்குத் தெரியாதாக்கும்னு இருந்தேன்."

கீரைக் காம்புகளை முறத்தில் ஒதுக்கிவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள். உபதேசியார் அங்கேயே இருந்தார்.

*

"வீம்பு இல்லை ஐயா" என்றார் மறுநாள்.

ஐயர் கேட்டுக்கொண்டிருந்தார். உபதேசியார் எல்லாவற்றையும் சொன்னார். அடுப்படி இஸ்ரவேலைச் சொல்லும்போது குரல் இறங்கிப்போயிற்று.

"இத்தனை வருஷமாப் பிரசங்கம் பண்ணுறீங்க" என்றார் ஐயர். "கேட்டு அப்படியே நடந்தவங்கன்னு யாரையாவது சொல்லுங்க."

உபதேசியார் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"போதும் ஐயா. இப்ப நிசமாவே கேக்கேன். என்னை விடுவிச்சிருங்க. அந்த மேடையில நிக்க எனக்கு யோக்கியதை இல்லை."

"நேத்து அம்மாவால வேலையை விடுறேன்னீங்க. இன்னைக்கு உங்களால விடுறேங்கிறீங்க. ஊழியத்துக்குக் கூப்பிட்ட ஆண்டவரைப் பத்தி ரெண்டு நாளும் ஒண்ணும் சொல்லலையே."

"அவர் எப்படி ஐயா என்னை இனி வச்சுக்கிடுவார்?"

ஐயர் கோழிகளுக்குக் குருணை போட்டார். புதுக் கதவைத் தாண்டி ஒரு கோழி வெளியே வந்து நின்றது.

"அப்படின்னா ஒண்ணு செய்யுறேன். வர்ற சனிக்கிழமை அதே மேடையில நின்னு, எல்லார் முன்னாலயும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

"அம்மாவைக் கேட்டீங்களா?"

"மன்னிப்புக் கேக்கிறதுக்கும் அவளைக் கேக்கணுமா?"

"உதாரணம் சொல்லும்போது கேக்கலை."

உபதேசியார் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அன்னரத்தினம் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நின்றாள்.

"மறுபடியும் என்னைத் தூக்கி அந்த மேடையில ஏத்தப் போறியளா?"

"மன்னிப்புத்தான கேக்கப் போறேன்."

"நீங்க கேப்பிய. நல்லாவே கேப்பிய. அழுதுகிட்டே கேப்பிய. சபை முழுக்க அழும். எல்லாரும் திரும்பி என்னைப் பாப்பாங்க. அன்னைக்குச் சிரிச்சுக்கிட்டே பாத்தாங்க. இனி அழுதுகிட்டே பாக்கணுமா?"

குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவள் புடவையை நனைத்தது.

"வேண்டாம். அதை விட்டுருங்க."

சனிக்கிழமை வந்தது. உபதேசியார் மேடையில் ஏறினார். ஒரு தலைப்பும் சொல்லவில்லை, உதாரணமும் சொல்லவில்லை. அன்றைக்குள்ள வேதபாடத்தை வாசித்தார். இரண்டு நிமிஷம் ஏதோ பேசினார். ஜெபித்து முடித்தார். வெளியே வரும்போது பாக்கியமுத்து மறித்தார்.

"என்ன வே, உமக்கும் ஐயர் காத்து அடிச்சிட்டா? பாயை விரிச்சு உக்காரலை, அதுக்குள்ள எழுப்பி விட்டுட்டீரே!"

நாலு பேர் சிரித்தார்கள்.

"நாளைக்கு உம்ம சம்சாரம் வருவாங்கல்ல?"

உபதேசியார் அவரைக் கும்பிட்டுவிட்டு நடந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை விடியலில் உபதேசியார் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் குச்சி ஒடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். தினமும் கேட்கிற குரல்தான். தினமும் அவர் தொண்டையைச் செருமி, அதை அமர்த்துவதற்காக வேதத்திலிருந்து ஒரு சங்கீதத்தை உரக்கச் சொல்லுவார்.

அன்றைக்குச் செருமவில்லை. கேட்டார்.

"எம்புள்ளையைத் தாரும் ஆண்டவரே. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுப்படிக்குள் வந்தார். அவள் திடுக்கிட்டு நிறுத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்தா, காபி ஆயிட்டு" என்றாள்.

அவர் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஏதாவது தேறுதல் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தார். ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வரவில்லை. வேறொன்று வந்தது.

"எனக்கும் தாரும்" என்றார். "ஏன் எடுத்தீர்? அவ என்ன செஞ்சா?"

அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. பேசத் தெரிந்த அந்த மனிதனுக்கு அழத் தெரியவில்லை. இருமுகிற மாதிரி அழுதார். அன்னரத்தினம் அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்தாள். காபி ஆறிப்போயிற்று. கோயில் முதல் மணி அடித்தது. அடிக்க வேண்டிய உபதேசியாரைக் காணாமல், ஐயரே வந்து அடித்திருந்தார்.

*

திருவிருந்துக்கு அழைப்பு வாசிக்கப்பட்டது. முறைப்படி ஐயருக்கு அடுத்தாற்போல் முழங்காலிடுகிறவர் உபதேசியார்தான். அவர் எழுந்த பிறகுதான் சபை வரும்.

உபதேசியார் தன் பெஞ்சிலிருந்து எழுந்தார். கிராதிக்குப் போகவில்லை. சபைக்கு நடுவே உள்ள வழியில் திரும்பி நடந்தார். வெள்ளை அங்கியோடு, ஆண்கள் பக்கத்தைத் தாண்டி, பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாய் வரை போனார்.

"தள்ளி உக்காரு" என்றார்.

அன்னரத்தினத்துக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "என்ன காரியம் இது? பொம்பளைய பக்கம். போங்க."

"காலையில நானும்தான கேட்டேன். எனக்கும் வாய் திறக்காது. தள்ளி உக்காரு."

அவள் தள்ளினாள். அவர் உட்கார்ந்தார்.

சபை முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. திரும்பிப் பார்க்காதவர் இல்லை. ஐயரும் பார்த்தார். ஒன்றும் நடக்காதது போல அடுத்த வார்த்தையை வாசித்தார். முதல் வரிசை எழுந்து போயிற்று. வரிசை வரிசையாக எல்லோரும் போனார்கள், வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் கடைசிப் பாயில் இருந்தார்கள்.

மிச்சமுள்ளதை மூடிவைக்கிற நேரம் வந்தது. ஐயர் மூடவில்லை. அப்பத்தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, கிராதிக் கதவைத் திறந்து, படியிறங்கினார்.

அப்படி அவர் இறங்கி வருவது புதிதல்ல. முடவர், படுக்கையிலிருந்து தூக்கி வரப்பட்டவர், தள்ளாத கிழவிகள், இவர்கள் இருக்கிற இடத்துக்கு அப்பத்தைக் கொண்டுபோவது எல்லாச் சபையிலும் உள்ள வழக்கம். அன்று கோயிலில் அப்படிப்பட்டவர் ஒருவரும் இல்லை.

ஐயர் கடைசிப் பாய்க்கு முன்னால் வந்து குனிந்தார்.

"நான் இன்னும் நிறுத்தலை ஐயா" என்றாள் அன்னரத்தினம், யாருக்கும் கேட்காத குரலில். "இன்னைக்கும் கேட்டேன்."

"தெரியும்மா."

அவர் அப்பத்தை நீட்டியபடியே இருந்தார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தலை கவிழ்ந்திருந்தது. அவருடைய இரண்டு கைகளும் மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, திறந்து கிடந்தன. அவள் தன் கைகளையும் அப்படியே வைத்தாள்.

ஐயர் வழக்கமான வார்த்தைகளைச் சொல்லி, முதலில் அவளுக்கும், பிறகு அவருக்கும் கொடுத்தார்.

*

ஆராதனை முடிந்ததும் பாக்கியமுத்து, அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறைக்கே வந்துவிட்டார். உபதேசியார் அங்கே ஒரு மூலையில் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாக்கியமுத்து அவர் பக்கம் திரும்பவில்லை.

"ஐயரே, இது என்ன புதுப் பழக்கம்? முடியாதவங்களுக்குத்தான நீங்க இறங்கிப் போவிய. இவங்க ரெண்டு பேருக்கும் காலுக்கு என்ன கேடு?"

"நடக்க முடிஞ்சிருந்தா வந்திருப்பாங்களே" என்றார் ஐயர், அங்கியைக் கழற்றியபடி.

"சரி, அது போகட்டும். கமிட்டிக்கு ஒரு பதில் சொல்லுங்க. பொம்பளைய பாயில போய் உக்காந்த மனுஷன், இனி எந்த முகத்தோட அந்த மேடையில ஏறுவார்? இவரையா இன்னும் வச்சிருக்கப் போறிய?"

உபதேசியார் துடைப்பதை நிறுத்தினார். அவருக்கும் அதுதான் கேள்வி.

ஐயர் அங்கியை மடித்தார். ஓரங்களைச் சேர்த்து, சுருக்கம் நீவி, நிதானமாக மடித்து வைத்தார்.

"நடக்க முடியாதவங்ககிட்ட அந்த அப்பம் எப்படி வருதுன்னு கிட்ட இருந்து பாத்தவர் அவர்" என்றார். "வேற யாரை மேடைக்கு அனுப்பச் சொல்றீங்க?"